இராயப்பரும் ஒரே நாளில் மாறிவிடவில்லை



"என்ன செய்வது சுவாமி, இது என் பிறவிக் குணம். இனி மாறவா போகிறது?" இவ்வார்த்தையைக் கேளாத குருவானவர் எவரும் இருக்கமாட்டார். கோபக்காரரான தந்தை சொல்கிறார். குடியை விட்டு மீண்டும் குடிக்குத் திரும்பியவர் சொல்கிறார். அயலவளைப் பற்றிக் குறைபேசாமல் ஒரு நாளையும் கழிக்க முடியாத தாய் சொல்கிறாள். ஒவ்வொரு தவக்காலத்திலும் தீர்மானம் எடுத்து, உயிர்ப்புத் திருநாள் கழிந்து ஒரு மாதம் ஆவதற்குள் பழைய வழிக்கே திரும்பிவிடுகின்ற எல்லோருடைய உள்ளத்திலும் இக்கேள்வி இருக்கிறது.

இதற்கு நேர்மாறான இன்னொரு கூட்டமும் நம்மிடையே உண்டு. "ஞானஸ்நானம் பெற்றோம்; உறுதிப்பூசுதல் பெற்றோம்; ஞாயிறு பூசை தவறுவதில்லை; இனி என்ன குறை?" என்று நிம்மதியாக இருந்துவிடுபவர்கள் இவர்கள். முதலாமவர் நம்பிக்கை இழந்து நின்றுவிட்டார். இரண்டாமவர் திருப்தியடைந்து நின்றுவிட்டார். இருவரும் நின்றுவிட்டார்கள் என்பதுதான் உண்மை. மனமாற்றம் என்பது ஒருநாளில் நடந்து முடியும் காரியம் என்று எண்ணுவதே இருவருடைய தவறுமாகும்.

திருச்சபை ஒருபோதும் அப்படிப் போதித்ததில்லை. இறையருளால் நீதிமான்களாக்கப்பட்டவர்கள் அந்த அருளிலே நாளுக்கு நாள் வளரவேண்டியவர்கள் என்று திரெந்து பொதுச்சங்கம் 1547-ம் ஆண்டிலேயே கற்பித்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-ம் ஆண்டு வெளியிட்ட திருச்சபை பற்றிய ஏட்டின் 5-ம் அதிகாரம், குருக்களும் துறவியரும் மட்டுமன்றி, குடும்பத்தவர், தொழிலாளர், நோயாளர் ஆகிய எல்லோருமே புனிதத்துக்கு அழைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று எடுத்துரைக்கிறது. வளர்ச்சி விரும்பியவர்களுக்கு மட்டும் உரியதன்று. ஞானஸ்நானம் பெற்ற அனைவருக்கும் உரிய கடமையாகும்.

ஆனால் அந்த வளர்ச்சி நடைமுறையில் எப்படி நடைபெறுகிறது? இதை அறிந்துகொள்ள, நம் கரையோரப் பங்குகளில் மீனவ மக்கள் மிகுந்த பற்றுதலோடு வணங்கும் புனித இராயப்பரின் வாழ்வை வேதாகமத்தைக் கையில் வைத்துக்கொண்டு படிப்படியாகப் பார்ப்போம்.

கடற்கரையில் முதற்படி

கெனசரேத்து ஏரிக்கரையிலே இரவு முழுவதும் பாடுபட்டும் ஒன்றும் அகப்படாமல் வலைகளை அலசிக்கொண்டிருந்த சீமோனை இயேசு சந்திக்கிறார் (லூக். 5:1-11). ஆண்டவரின் சொற்படி வலை வீசியதும் படகுகள் அமிழும் அளவுக்கு மீன் அகப்படுகிறது. சீமோன் அவர் காலில் விழுந்து, தான் பாவி என்று அறிக்கையிட்டு, எல்லாவற்றையும் விட்டு அவர் பின்னே செல்கிறார். உண்மையான, ஆழமான மனமாற்றம்! ஆயினும் கதை இங்கே முடிந்துவிடவில்லை. தொடங்குகிறது.

புகழ்ச்சியும் கண்டனமும்

செசரியா பிலிப்புவின் பகுதியிலே, இயேசுவை மெசியா என்று வாய்விட்டு அறிக்கையிட்டவர் இராயப்பர். ஆண்டவர் அவரைப் பாறை என்றும், பேறுபெற்றவன் என்றும் போற்றுகிறார். ஆனால் ஆறே வசனங்கள் கடப்பதற்குள், பாடுகளும் சிலுவையும் வேண்டாம் என்று ஆண்டவரைத் தடுத்து, சாத்தான் என்ற கடுமையான கண்டனத்தைப் பெற்றுக்கொள்கிறார் (மத். 16:13-23). விசுவாசம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அந்த விசுவாசம் இன்னும் சிலுவைவரை எட்டவில்லை. நம்மில் பலருடைய நிலையும் இதுவேயன்றோ? விசுவாசப் பிரமாணத்தைப் பிழையின்றிச் சொல்கிறோம். வீட்டிலே ஒரு சிறிய சிலுவை வந்தவுடன் "எனக்கேன் இது?" என்கிறோம்.

அதன்பின் ஆண்டவர் அவரை மலைமேல் கூட்டிச் சென்று தமது உருமாற்றத்தைக் காட்டினார். இராயப்பரோ அங்கேயே கூடாரம் அடித்துத் தங்கிவிட விரும்பினார். ஓர் உண்மையை இங்கே கவனிக்க வேண்டும். ஆண்டவர் உருமாறினார் என்பதற்கு மத்தேயுவும் மாற்கும் பயன்படுத்தும் அதே கிரேக்கச் சொல்லையே, நாம் ஆண்டவரின் சாயலாக மகிமையிலிருந்து மகிமைக்கு மாற்றப்பட்டு வருகிறோம் என்று சொல்லும்போது புனித சின்னப்பரும் பயன்படுத்துகிறார் (2 கொரி. 3:18). மாற்றப்பட்டோம் என்று அவர் சொல்லவில்லை; மாற்றப்பட்டு வருகிறோம் என்கிறார். மாற்றுபவரும் நாமல்ல, ஆவியானவர் என்கிறார். இராயப்பர் மலையிலே கண்ட ஒளி, மலையடிவாரத்து வாழ்விலே மெல்ல மெல்ல அவருக்குள் நுழையவேண்டியிருந்தது.

இரண்டு கரி நெருப்புகள்

பெரிய வியாழன் இரவில், தலைமைக்குருவின் முற்றத்திலே கரி நெருப்பு எரிகிறது. இராயப்பர் அங்கே குளிர்காய்ந்துகொண்டு நின்று மூன்று முறை ஆண்டவரை மறுதலிக்கிறார். ஏறக்குறைய மூன்றாண்டுகள் கூடவே நடந்தவர், ஒரு வேலைக்காரப் பெண்ணின் கேள்விக்கு முன்னால் தளர்ந்துபோனார். உயிர்த்த ஆண்டவர் ஏரிக்கரையிலே அவரைச் சந்தித்தபோது அங்கேயும் கரி நெருப்பு இருந்தது என்று அருளப்பர் எழுதுகிறார் (அரு. 18:18, 21:9). புதிய ஏற்பாட்டிலே இந்தச் சொல் வருவது இவ்விரண்டு இடங்களில் மட்டுமே. விழுந்த இடத்தை ஒத்த ஓர் இடத்திலேயே ஆண்டவர் அவரைத் தூக்கி நிறுத்துகிறார். மூன்று மறுதலிப்புகளுக்குப் பதிலாக மூன்று முறை கேட்கப்பட்டது ஒரே கேள்விதான்: அன்பு செய்கிறாயா? "ஏன் விழுந்தாய்?" என்று ஒருமுறைகூட ஆண்டவர் கேட்கவில்லை.

யூதாசும் அதே இரவில்தான் விழுந்தான். அவனும் தன் பாவத்தை அறிந்து வருந்தினான். ஆனால் திரும்பி வரவில்லை. இராயப்பர் அழுதார்; பின்பு கரைக்கு நீந்தி வந்தார். வேறுபாடு பாவத்தின் அளவில் அல்ல, திரும்பி வருவதிலேதான் இருக்கிறது.

பெந்தக்கோஸ்துக்குப் பின்னும்

"சரி, அதெல்லாம் பரிசுத்த ஆவி இறங்குவதற்கு முன்புதானே!" என்று சிலர் சொல்லக்கூடும். பின்பு நடந்ததையும் பார்ப்போம். பெந்தக்கோஸ்து நாளில் துணிவோடு பிரசங்கித்த இராயப்பர், யோப்பா நகரிலே வீட்டு மேல்தளத்தில் செபித்துக்கொண்டிருக்கும்போது ஒரு காட்சி காண்கிறார். தீட்டு எனத் தாம் ஒதுக்கியவற்றை உண்ணும்படி மூன்று முறை வானிலிருந்து குரல் வந்தும் தயங்குகிறார் (அப். பணி 10). புறவினத்தானாகிய நூற்றுவர் தலைவன் கொர்நேலியுவின் வீட்டு வாசற்படியை மிதித்த பின்பே, கடவுள் ஆள்பார்த்து நடப்பவரல்லர் என்பது அவருக்கு விளங்குகிறது. திருச்சபையின் தலைவருக்கும் குலம் இனம் பற்றிய பழைய எண்ணம் விட்டுப்போக ஆண்டுகள் பிடித்தன. கோவிலில் ஒரே பந்தியில் நின்றும் கலியாண வீட்டிலே வேறு வேறு பந்தி பார்த்த சமூகமாகிய நாம் இதைச் சற்று ஆழமாகவே சிந்திக்க வேண்டும்.

இத்துடனும் முடியவில்லை. அந்தியோக்கியாவிலே புறவினத்துச் சகோதரரோடு ஒன்றாக உணவருந்திவந்த இராயப்பர், யாகப்பரிடமிருந்து சிலர் வந்ததும், அவர்களுக்கு அஞ்சி ஒதுங்கிக்கொண்டார். யோப்பாவிலே கற்ற பாடத்தை மறந்தார். அப்பொழுது சின்னப்பர் எல்லோருக்கும் முன்பாக அவரை நேருக்கு நேர் கண்டித்தார் (கலாத். 2:11-14). ஏரிக்கரை அழைப்புக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளின் பின் நடந்த சம்பவம் இது என்பது பொதுவான கணக்கு.

கண்டிக்கப்பட்ட இராயப்பர் என்ன மறுமொழி சொன்னார்? அந்த நிருபம் சொல்லவில்லை. ஆனால் இராயப்பரின் பெயரால் வழங்கும் இரண்டாம் நிருபத்தைத் திறந்து பாருங்கள். அங்கே சின்னப்பர் அன்புச் சகோதரர் என்று அழைக்கப்படுகிறார் (3:15). அதற்கு மூன்று வசனங்கள் தள்ளி, ஆண்டவரின் அருளிலும் அவரை அறியும் அறிவிலும் வளருங்கள் என்ற புத்திமதியோடு அந்த நிருபம் முடிகிறது. கண்டித்தவரை அன்புச் சகோதரர் என்று அழைக்கக்கூடிய உள்ளம்! வளர்ச்சி என்றால் இதுவே. ஒருபோதும் விழாதிருப்பதல்ல வளர்ச்சியின் அடையாளம். திருத்தப்படுவதற்கு மனமுள்ளவராக இருப்பதே அதன் அடையாளம்.

ஒரு மாலைப்பொழுது

இதை நாம் புத்தகத்திலிருந்து மட்டும் கற்றுக்கொள்ளவில்லை. குருப்பட்டம் பெற்று ஓராண்டும் ஆகாத காலம். ஒரு ஞாயிறு பூசையிலே பொறுமையைப் பற்றிப் பிரசங்கித்தோம். பூசை முடிந்ததும், ஏதோ கடிதம் கேட்டு வந்த வயோதிபத் தாய் ஒருவரைக் கோவில் வாசலிலேயே கடிந்து அனுப்பிவிட்டோம். மாலையில் கோவில் மூப்பர் வந்து திண்ணையில் அமர்ந்தார். நெடுநேரம் பேசாமலிருந்துவிட்டுச் சொன்னார்: "சுவாமி கோவிக்கக் கூடாது. காலமை பொறுமையைப் பற்றி நல்லாச் சொன்னியள். பிறகு அந்த மனிசியைப் பேசிப்போட்டியள். அவ அழுதுகொண்டுதான் வீட்டை போனவ."

முதலில் வந்தது கோபமே. "எனக்குப் புத்தி சொல்ல இவர் யார்?" என்ற எண்ணமே. அன்றிரவு செபத்தில் அமரமுடியவில்லை. மறுநாள் காலை அந்தத் தாயின் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டோம். செமினரியிலே ஆண்டுக்கணக்காகப் படித்த ஆன்மீகத்தை அந்த மூப்பர் இரண்டு நிமிடத்தில் நடைமுறைப்படுத்திக் காட்டினார். கோபம் அன்றோடு எம்மை விட்டுப் போய்விட்டது என்று சொல்லமாட்டோம். ஆனால் சொல்லித் தருபவரை அன்றிலிருந்து நன்றியோடு பார்க்கப் பழகி வருகிறோம்.

நம் குடும்பங்களில்

இனி நாம் செய்யவேண்டியவை என்ன?

முதலாவது, இரவுச் செபத்தின்போது ஐந்து நிமிட ஆத்தும சோதனை. இன்று எதில் விழுந்தேன் என்பதோடு, இன்று ஆண்டவர் யார்மூலம் என்னைத் திருத்த முயன்றார் என்றும் கேட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, பாவசங்கீர்த்தனம். ஒரே பாவத்தையே சொல்கிறோமே என்று வெட்கப்பட்டு நிறுத்திவிடாதீர்கள். திரும்பத் திரும்ப வருவதே இராயப்பரின் வழி. ஆனால் பாவங்களின் பட்டியலோடு நின்றுவிடாமல், அவற்றின் வேரையும் தேடுங்கள். கோபத்தின் அடியில் பயமோ, பெருமையோ, பழைய காயமோ இருக்கலாம்.

மூன்றாவது, வீட்டிலே திருத்தம் கேட்கப் பழகுங்கள். மனைவி சொன்னால் கணவனுக்குக் குறைவில்லை. பிள்ளை பணிவோடு சொன்னால் தகப்பனுக்கும் குறைவில்லை. திருத்துபவரோ ஆண்டவர் காட்டிய ஒழுங்கின்படி முதலில் தனிமையிலே, அன்போடு சொல்லவேண்டும் (மத். 18:15).

நான்காவது, காணி எல்லைக்காகவோ சீதனத்துக்காகவோ ஆண்டுக்கணக்கில் முகம் பாராத உடன்பிறப்புகள் நம் பங்குகளில் எத்தனை பேர்! ஒரே பூசையில் நற்கருணை வாங்கி, வேறு வேறு வாசலால் வெளியேறுகிறார்கள். முழுச் சமாதானமும் இன்றே வந்துவிடாது போகலாம். இன்று ஒரு வார்த்தை, "சுகமா அண்ணை?" என்ற ஒரு கேள்வி, அது போதும், தொடங்குவதற்கு.

பயன் உடனே தெரியவில்லையே என்று மனம் சோரவேண்டாம். பனங்கொட்டையைப் பாத்தியில் இட்டவர்களுக்குத் தெரியும்: முளை முதலில் மேலே வருவதில்லை, மண்ணுக்குள் கீழ்நோக்கியே இறங்குகிறது. பின்பே குருத்தோலை, பின்பு வடலி. பாளை தள்ளப் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகும். மேலே ஒன்றும் தெரியாத நாட்களிலும் உள்ளே வேலை நடக்கிறது. இறையருளின் வேலையும் அப்படியே.

ஆகவே, "இது என் பிறவிக் குணம்" என்று இனிச் சொல்லாதிருப்போம். நாம் ஞானஸ்நானத்தில் மறுபடியும் பிறந்தவர்கள். அந்தப் பிறப்பின் குணம் கிறிஸ்துவின் குணம். அது நம்மில் வளர இடம் கொடுப்போம்.

குடும்பமாகச் சிந்திக்க:

1. இராயப்பரின் வாழ்வில் எந்தப் படி இன்று என் நிலையை ஒத்திருக்கிறது?

2. கடந்த ஒரு வருடத்தில் என்னைத் திருத்தியவர் யார்? அவரை நான் எப்படி ஏற்றுக்கொண்டேன்?

3. இந்த வாரம் நான் முதல் வார்த்தை பேசவேண்டியவர் யார்?