வாயைக் கட்டுவதா, வயிற்றை வெட்டுவதா?

உடல் எடையைக் குறைக்க அறுவை சிகிச்சை செய்துக்கலாமான்னு எங்க மாமா போன மாசம் வீட்டில் கேட்டார். உடனே பாட்டி, "வாயைக் கட்டினா போதாதா? வயித்தை எதுக்குடா வெட்டணும்?"னு சொன்னாங்க. மாமா பதிலே பேசல. தே தாரிக்கை அப்படியே வச்சிட்டு எழுந்து போயிட்டார். பாட்டி கேட்டது நியாயமா? அதைத்தான் இந்தப் பாடத்தில் பார்க்கப் போறோம்.

உடம்பும் ஏர்கோனும்

ஏர்கோனை 24 டிகிரியில் வைத்தால், அறை சூடாகும்போது அது தானாகவே கூடுதலாக ஓடி, பழைய நிலைக்குக் கொண்டுவரும். நம் உடலும் பழகிப்போன எடையை இப்படித்தான் காக்கிறது. எடை குறைந்தால் பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் கூடும். உடல் எரிக்கும் சக்தி குறையும். அமெரிக்காவில் எடைக்குறைப்பு டிவி போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை, 6 வருடம் கழித்து ஆராய்ந்தார்கள். ஓய்வில் இருக்கும்போது அவர்கள் உடல் எதிர்பார்த்ததைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாக எரித்தது. ஆக, எடை திரும்ப ஏறினா அது சோம்பேறித்தனம் மட்டும் இல்லை.

உணவு முறை

அதுக்காக உணவுக் கட்டுப்பாடு வீண் இல்லை. பிரிட்டனில் நடந்த டைரக்ட் ஆய்வில், நீரிழிவு வந்து 6 வருடத்துக்குள் இருந்தவர்கள், மருத்துவக் கண்காணிப்பில் 3 முதல் 5 மாதம் நாளுக்குச் சுமார் 850 கலோரியில் இருந்தார்கள். ஒரு வருட முடிவில் 46 சதவீதத்தினருக்கு மருந்தில்லாமலே நோய் தணிந்தது. இரண்டாம் வருடத்தில் அது 36 சதவீதமாக இறங்கியது.

அறுவை சிகிச்சை

ஸ்லீவ் முறையில் இரைப்பையில் சுமார் 80 சதவீதத்தை எடுத்துவிடுவார்கள். கிரெலின் அதிகம் சுரக்கும் பகுதியும் அதோடு போவதால் பசி குறைகிறது. அதாவது, ஏர்கோன் செட்டிங்கையே மாற்றுவது மாதிரி. ஸ்வீடனில் 1987-இல் தொடங்கிய ஆய்வில், அறுவை சிகிச்சை செய்தவர்கள் 20 வருடம் கழித்தும் சராசரியாக 18 சதவீத எடை குறைந்தே இருந்தார்கள்.

ஆனா வெட்டின இரைப்பையைத் திரும்ப ஒட்ட முடியாது. இரத்தக்கசிவு, தையல் கசிவு ஆபத்து உண்டு. வாழ்நாள் முழுக்க வைட்டமின் மாத்திரை வேணும். சைவக்காரர்கள் பி12-ஐ இன்னும் கவனிக்கணும். சாப்பாடும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான். அப்போ வாயைக் கட்டும் வேலை எப்படியும் இருக்கு!

கணக்குப் போடுவோம்

எடையை (கிலோ) உயரத்தின் (மீட்டர்) வர்க்கத்தால் வகுத்தால் பி.எம்.ஐ. மாமா 1.70 மீட்டர், 110 கிலோ: பி.எம்.ஐ. 38. 2022-இல் வந்த அனைத்துலக வழிகாட்டி, 35-க்கு மேல் அறுவை சிகிச்சையைப் பரிந்துரைக்கிறது, ஆசியர்களுக்கு 27.5-லிருந்தே பரிசீலிக்கலாம் என்கிறது. மாமாவுக்கு 12 வருடமா நீரிழிவு. மூணு தடவை எடையைக் குறைச்சு, மூணு தடவையும் திரும்ப ஏறிடுச்சு. அவர் கேட்டதில் தப்பே இல்லை.

இதையெல்லாம் பாட்டிகிட்ட விளக்கினேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க. அப்புறம், "டாக்டரைப் பார்க்கப் போறப்போ என்னையும் கூட்டிட்டுப் போ"ன்னாங்க.

சிந்திக்க:
1. உங்கள் பி.எம்.ஐ. எவ்வளவு?
2. உடல் பருமனா இருக்கும் ஒருத்தரிடம் நீங்க கடைசியா சொன்ன வார்த்தை அவருக்கு உதவியதா, வலித்ததா?