பெருங்குடற் புற்றுநோயும் முப்பரிமாண ஆய்வுகூட மாதிரிகளும்

க.பொ.த (உயர் தரம்) உயிரியல் – மேலதிக விளக்கம்

மாணவர்களே, வளர்ப்புக் கிண்ணத்தில் புற்றுநோய்க் கலங்களைக் கொன்ற மருந்து, அதே நோயுள்ளவரின் உடலில் பயனற்றுப் போவதுண்டு. இதற்கான காரணங்களுள் ஒன்று நீங்கள் ஏற்கெனவே கற்ற பரவலுடன் தொடர்புடையது.

1. தட்டையான வளர்ப்பின் குறைபாடு

கிண்ணத்தின் அடியில் கலங்கள் ஒற்றைப் படையாக வளரும். எல்லாக் கலங்களுக்கும் ஒட்சிசன், குளுக்கோசு, மருந்து என்பன ஏறத்தாழச் சமமாகக் கிடைக்கும். உடலிலுள்ள கட்டியிலோ, குருதி மயிர்க்குழாய்களுக்குத் தொலைவிலுள்ள கலங்களை இவை பரவல் மூலமே அடைய வேண்டும். வழியிலுள்ள கலங்கள் சுவாசத்துக்குப் பயன்படுத்திவிடுவதால், ஒட்சிசன் ஏறத்தாழ 100 – 200 மைக்கிரோமீற்றர் தூரம் வரையே செல்லும்.

2. கோளவுருக்கள்

கலங்கள் ஒட்டமுடியாத மேற்பரப்பில் வளர்க்கப்படும்போது, அவை ஒன்றோடொன்று ஒட்டிச் சிறு கோளங்களாகும். 1970களின் தொடக்கத்தில் சதர்லாந்தும் குழுவினரும் இவற்றைக் கட்டியின் மாதிரியாகப் பயன்படுத்தினர். போதியளவு பெரிதான கோளத்தில் மூன்று வலயங்களை அவதானிக்கலாம்.

(அ) வெளிவலயம் – விரைவாகப் பிரிவடையும் கலங்கள்
(ஆ) இடைவலயம் – உயிருள்ள, ஆனால் பிரிவடையாத கலங்கள்
(இ) மையம் – இறந்த கலங்கள்

பெருங்குடற் புற்றுநோய்க்கு வழங்கப்படும் 5-புளோரோயுராசில், டீ.என்.ஏ தொகுப்பைத் தடுப்பதால் பிரிவடையும் கலங்களையே பெரிதும் தாக்கும். இடைவலயக் கலங்கள் தப்பிப் பிழைத்து, வெளிக்கலங்கள் இறந்தபின் ஒட்சிசன் பெற்று மீண்டும் பிரிவடையலாம். ஒற்றைப் படையில் இதனைக் காணமுடியாது.

3. அங்கவுருக்கள்

குடல் மேலணியைப் புதுப்பிக்கும் மூலக்கலங்கள், குடற்சுவரின் குழிகளின் அடியில் உள்ளன. 2009இல் நெதர்லாந்தின் ஹியூபிரெக்ட் நிறுவனத்தில் சாட்டோ, கிளெவர்ஸ் ஆகியோரின் குழு, எலியின் தனியொரு மூலக்கலத்திலிருந்து குடல் மேலணியை ஒத்த அமைப்பை ஜெலி ஊடகத்தில் வளர்த்தது. 2011இல் மனிதப் பெருங்குடற் புற்றுநோய்க் கலங்களும் இவ்வாறு வளர்க்கப்பட்டன. 2015இல் 20 நோயாளிகளின் கட்டிகளிலிருந்து பெற்ற அங்கவுருச் சேமிப்பு வெளியிடப்பட்டது.

கோளவுரு பெரும்பாலும் நெடுங்காலம் ஆய்வுகூடத்தில் வளர்ந்த கலவழியிலிருந்து பெறப்படும். அங்கவுருவோ குறித்த நோயாளியின் கட்டியிலிருந்தே பெறப்படுவதால், அக்கட்டியின் விகாரங்களைப் பெருமளவு பேணும்.

4. நோயாளிக்குரிய பயன்

பயன்தராத மருந்தாயினும் அதன் பக்கவிளைவுகளை நோயாளி அனுபவித்தே ஆகவேண்டும், காலமும் வீணாகும். 2018இல் வெளியான சமிபாட்டுத்தொகுதிப் புற்றுநோய் ஆய்வொன்றில், அங்கவுருவில் விளைவு காட்டாத மருந்து அந்நோயாளியிலும் விளைவு காட்டவில்லை. ஆயினும் 2019இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், இரினோடீகன் சார்ந்த சிகிச்சையின் விளைவை எதிர்வுகூற முடிந்தபோதும், 5-புளோரோயுராசிலும் ஒக்சாலிபிளாற்றினும் சேர்ந்த சிகிச்சையின் விளைவை எதிர்வுகூற முடியவில்லை. மேலணிக் கலங்களை மட்டும் கொண்ட அங்கவுருவில் குருதிக்கலன்களோ நிர்ப்பீடனக் கலங்களோ இல்லை. மருந்தை மாற்றும் ஈரலும் இல்லை. எனவே விடை எழுதும்போது “மாதிரி உடலுக்குச் சமமானது” என எழுதாதீர்கள். “உடலின் சில இயல்புகளைக் காட்டுவது” என எழுதுங்கள்.

மாதிரி வினா

கோளவுருவொன்றின் விட்டம் 600 மைக்கிரோமீற்றர். ஒட்சிசன் மேற்பரப்பிலிருந்து 150 மைக்கிரோமீற்றர் ஆழம் வரை செல்லுமெனக் கொள்க.
(i) ஒட்சிசன் கிடைக்காத பகுதி மொத்தக் கனவளவின் என்ன பின்னம்?
(ii) விட்டம் இருமடங்காகும்போது இப்பின்னத்துக்கு யாது நிகழும்?

விடை

(i) கோளத்தின் ஆரை 300, ஒட்சிசன் கிடைக்காத உட்கோளத்தின் ஆரை 300 – 150 = 150. கனவளவு ஆரையின் மும்மடிக்கு நேர்விகிதசமமாதலால், பின்னம் 1/8 (12.5%).
(ii) ஆரைகள் முறையே 600, 450. பின்னம் 27/64 (ஏறத்தாழ 42%) ஆக அதிகரிக்கும்.

கட்டி பெரிதாகும்போது மருந்துக்குத் தப்பும் வாய்ப்பும் ஏன் கூடுகிறது என்பதை இவ்விடையிலிருந்து நீங்களே விளக்க முயலுங்கள்.