மிளகாய் வற்றலும் உலர்த்தும் கணக்கும்

மிளகாய்ப் பழம் 100 கிலோவைக் களத்தில் பரப்பினால் எத்தனை கிலோ வற்றல் தேறும் என்று கேட்டால், கமுதி, முதுகுளத்தூர்ப் பகுதி விவசாயிகள் ஏறக்குறையச் சரியாகவே கூறிவிடுவார்கள். எப்பொழுது சாக்கில் பிடிக்கலாம் என்று கேட்டாலோ, காயைக் குலுக்கி விதையின் ஒலியைக் கேட்டுச் சொல்வார்கள். அது தவறான வழக்கமன்று. ஆயினும், காதுக்கு எட்டாத ஈரம் சிறிது உண்டு. அந்த ஈரத்தில்தான் பூஞ்சணம் குடியேறுகிறது. அதனை அறியத் தராசும் கூட்டல் கழித்தலும் போதும் என்பதையே இங்கு விளக்க முற்படுகிறோம்.

பொருள்கள் உலரும் வேகத்தைப் பற்றி அமெரிக்க அறிஞர் லூயிஸ் என்பவர் 1921-ஆம் ஆண்டில் எளிய விதி ஒன்றை வகுத்தார். இனி வெளியேற வேண்டிய நீர் எவ்வளவு உள்ளதோ, அதற்குத் தக்கபடியே உலரும் வேகமும் இருக்கும் என்பது அவ்விதி. 16 ஏக்கர் உடையவர் ஆண்டுதோறும் கையிருப்பில் பாதியை விற்பாரானால் 8, 4, 2, 1 என்று நிலம் குறையும் அன்றோ? நீரும் அவ்வாறே குறைகின்றது. முதல் பாதி போக எத்தனை நாழிகை ஆயிற்றோ, எஞ்சியதில் பாதி போகவும் அத்தனை நாழிகை ஆகும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 100 கிலோ பழத்தில் நீர் 75 கிலோ, சத்தை 25 கிலோ என்று கொள்வோம். எத்தனை நாள் காய்ந்தாலும், சுற்றியுள்ள காற்றின் ஈரத்துக்கு ஈடாகச் சிறிது நீர் காயில் தங்கியே தீரும். அது 2 கிலோ என்று வைத்துக்கொண்டால், போகக்கூடிய நீர் 73 கிலோ. இது நான்கு முறை பாதியானபின் எடை ஏறத்தாழ 31½ கிலோவுக்கு வந்துவிடும். காய் சிவந்து சுருங்கி, பார்வைக்கு வற்றலாகவே தோன்றும். ஆனால் அதில் ஈரம் 21 சதவிகிதம் உள்ளது. ஐந்தாம் பாதியில் 15, ஆறாம் பாதியில் 11 சதவிகிதமாகக் குறையும். சேமிப்புக்கு ஏற்றது 10 சதவிகித அளவே. அப்பொழுது எடை 28 கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும்.

ஆகவே, 31½ கிலோவுக்கும் 28 கிலோவுக்கும் இடைப்பட்ட மூன்றரைக் கிலோதான் நம் கவலைக்குரியது. முதல் மூன்றரைக் கிலோ சில மணி நேரத்தில் போய்விடுகிறது. இதுவோ, இரண்டு பாதிக்காலம் எடுத்துக்கொள்கிறது. அவசரமும் வியாபாரியின் வண்டியும் இந்த இடத்தில்தான் குறுக்கிடுகின்றன. எடை கூடுதலாக நிற்பதும் ஓர் ஆசையை உண்டாக்குகிறது. அந்த ஈரத்தோடு கட்டிய சாக்கில் அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சைச் சுரக்கும் பூஞ்சணம் வளரலாம். ஐரோப்பிய ஒன்றியம் மிளகாயில் இந்நஞ்சின் பி1 வகையை நூறு கோடிப் பங்கில் 5 பங்குக்கு மேல் ஏற்பதில்லை. 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற இராமநாதபுரம் முண்டு மிளகாயின் நற்பெயர் இந்த மூன்றரைக் கிலோ நீரில் அடங்கியுள்ளது என்று கூறினால் மிகையாகாது.

இதனைக் களத்திலேயே அறியும் வழி வருமாறு. 10 கிலோ பழத்தைத் தனி வலைப்பையிலிட்டு, மற்றவற்றைப் போலவே மெல்லியதாகப் பரப்பி வைக்க வேண்டும். நாள்தோறும் மாலையில் ஒரே நேரத்தில் நிறுத்துக் குறித்துக்கொள்க. அடுத்தடுத்த மூன்று மாலைகளில் 4.50, 3.60, 3.15 கிலோ என்று வந்ததாகக் கொள்வோம். முதல் குறைவு 900 கிராம்; அடுத்த குறைவு 450 கிராம், அதாவது பாதி. எனவே இனிக் குறையவேண்டியது மேலும் 450 கிராம். இறுதி எடை 2.70 கிலோ. பாதியாக இல்லாவிடில், இரண்டாம் குறைவைத் தன்னாலேயே பெருக்கி, இரு குறைவுகளின் வித்தியாசத்தால் வகுத்தால் விடை கிடைக்கும். பள்ளியில் படிக்கும் பிள்ளைகளிடம் ஒப்படைத்தால் மகிழ்ச்சியோடு செய்வார்கள். பையின் எடை இறுதி எடைக்கு 80 கிராம் அளவில் நெருங்கியபின் சாக்கில் பிடிக்கலாம்.

இக்கணக்கில் ஓர் எச்சரிக்கை உண்டு. மிளகாயின் தோல் மெழுகுத்தன்மை உடையது. உள்ளீரம் வெளிவரத் தாமதமாகும். ஆதலால் கடைசிப் பகுதி விதி சொல்வதைவிட மெதுவாகவே நகரும். மக்காச்சோளத்தை ஆராய்ந்த பேஜ் என்பவர் 1949-இல் லூயிஸின் விதியில் ஒரு திருத்தம் சேர்த்ததும் இத்தகைய வேறுபாட்டிற்காகவே. நாம் செய்ய வேண்டுவது, புதிய எடைகளைக் கொண்டு மீண்டும் கணக்கிட்டு, இரண்டு முறையும் ஒரே விடை வரும்வரை பொறுத்திருப்பதுதான். மேகமூட்டமான நாள் குறுக்கிட்டால் அந்நாளின் எடையை விட்டுவிடுக.

இரவில் காற்றின் ஈரம் ஏறுவதால், திறந்து கிடக்கும் காய் விட்ட நீரை மீண்டும் வாங்கிக்கொள்ளும். பகலில் ஈட்டியதை இரவில் இழக்காதிருக்க, மாலையில் குவித்துத் தார்ப்பாயால் மூடுதல் அவசியம். வெறுந்தரையில் உலர்த்தினால் மண்ணின் ஈரம் அடியிலிருந்து ஏறும். சண்டு வற்றலும் மிகும். சாலையில் பரப்புவதன் தீங்கைச் சொல்லவே வேண்டியதில்லை. நெற்களம் உள்ள பஞ்சாயத்துகள், மாசி, பங்குனி மாதங்களில் அதனை முறைவைத்து மிளகாய்க்கு விடலாம். முறை வகுக்கும்போது ஒருவருக்கு இத்தனை நாள் என்று கட்டாமல், அவருடைய வலைப்பை இறுதி எடையை எட்டும்வரை இடம் அளிப்பது நலம். அதற்கு 5 கிராம் வரை துல்லியமாகக் காட்டும் தராசு ஒன்று களத்தருகே இருக்க வேண்டும்.