மீட்டர் ஊசி ஆடினால் கடலில் குதிக்காதீர்கள்

ஹாவ்லாக் தீவுக்குப் போவது ஒன்றும் சிரமமில்லை. சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு விமானம், அங்கிருந்து படகு. 2018-இல் ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாற்றினார்கள். பேச்சில் இன்னும் ஹாவ்லாக்தான். ஸ்கூபாவுக்குக் கடை பிடிக்கும்போது வீடியோ இலவசமா, எத்தனை நிமிடம் என்றெல்லாம் பேரம் பேசுகிறவர்கள், வாயில் கவ்வப்போகும் ரெகுலேட்டரை ஏறிட்டும் பார்ப்பதில்லை. ஜெட்டியில் தள்ளுபடி என்று கையைப் பிடித்து இழுக்கும் தரகர்கள் பக்கமே போகாதீர்கள். என்னைக் கேட்டால், நல்ல கடைக்கு அடையாளம் ஒன்றுதான்: சிலிண்டரை மாட்டிவிட்டதும் அவர்களே காற்றழுத்த மீட்டரை உங்கள் கையில் கொடுத்து மூச்சு இழுத்துப் பார்க்கச் சொல்வார்கள்.

நிறைந்த சிலிண்டர் 200 பார் வாக்கில் காட்டும். அதைப் பார்த்த திருப்தியோடு நின்றுவிடக் கூடாது. ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் நான்கைந்து முறை ஆழமாக இழுங்கள். ஊசி அசையவில்லையென்றால் கவலையில்லை. ஒவ்வோர் இழுப்புக்கும் சட்டென்று இறங்கி மறுபடி ஏறினால், வால்வு அரைகுறையாகத் திறந்திருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். படகில் அந்த அரைகுறைத் திறப்பே மூச்சுக்குப் போதும், குறை தெரியாது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரு மடங்கு, அதனால் அதே மூச்சுக்கு இரு மடங்கு காற்று வர வேண்டும். 30 மீட்டரில் நான்கு மடங்கு. மேலே சுகமாக இருந்தது கீழே நெஞ்சை இறுக்குவது இதனால்தான். காற்றில் எண்ணெய் வாடையோ புகை வாடையோ அடித்தால் அந்தச் சிலிண்டரே வேண்டாம்.

'இன்ஸ்ட்ரக்டர் பார்த்திருப்பாரே, முதல்முறை போகிற எனக்கு என்ன தெரியும்?' என்பீர்கள். பார்த்திருப்பார்தான். ஆனால் ஒருவர் திறந்துவிட்ட வால்வை, உதவுவதாக நினைத்து இன்னொருவர் தவறான பக்கம் திருகிவிடலாம். முழுக்கத் திறந்து கால் சுற்று பின்னால் திருகும் பழைய பழக்கத்தில் இந்த ஆபத்து உண்டு: திசை மாறினால் வால்வு மூடிக் கால் சுற்றுதான் திறந்திருக்கும். முழுக்கத் திறந்தே விடச் சொல்லிப் பலர் இப்போது கற்றுக்கொடுப்பது அதற்காகத்தான். கேட்டால் கோபித்துக்கொள்வாரே என்றால், அப்படிக் கோபிக்கிறவரோடு இறங்கவே வேண்டாம்.

இறங்கிய பிறகும் 5 மீட்டர் அளவில் கொஞ்சம் நிற்கச் சொல்லுங்கள். ஊசியை மறுபடி பாருங்கள். உங்கள் முதுகுக்குப் பின்னால் சிலிண்டர் கழுத்தை இன்ஸ்ட்ரக்டர் பார்க்கட்டும். அங்கிருந்து குமிழி சரம்சரமாகக் கிளம்பினால் மேலேறிவிடுங்கள். பெரும்பாலும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம்தான் காரணம். படகில் வைத்தே மாற்றிவிடலாம்.