வீடு சொல்லும் சேதி

மலையிலிருந்து இறங்கி வந்து பாடசாலைக் கட்டடத்திலும் உறவினர் வீட்டிலும் தகரக் கொட்டிலிலும் நாட்களைக் கழிக்கும் விவசாயக் குடும்பங்களுக்காக இந்தப் பாடத்தை எழுதுகிறோம். "எப்போது வீட்டுக்குத் திரும்பலாம்? கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகுகிறதே!" என்று நீங்கள் கேட்பது நியாயமே. அதற்குப் பதில் தேடுமுன் ஒரு வீட்டில் ஒரு மாதம் நடந்ததைப் பார்ப்போம்.

ஒரு மாதத்துக் கதை

இலங்கையிலேயே மிக உயரத்தில் இருக்கும் ரயில் நிலையம் பட்டிப்பொல. கடல் மட்டத்திலிருந்து சுமார் 6,200 அடி. அந்தப் பக்கத்துச் சரிவொன்றில், மண்ணை வெட்டிச் சமப்படுத்திக் கட்டிய சிறு வீடு. கணவன், மனைவி, மாமியார், இரண்டு பிள்ளைகள், ஒரு பசு. வீட்டுக்கு மேலே கோவாப் பாத்தி. சில ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மாதம்.

முதல் வாரம், குசினிக் கதவு சாத்த முடியாமல் இறுகியது. "மழை ஈரத்துக்கு மரம் ஊதியிருக்கும்" என்று சொல்லிச் சீவுளியை எடுத்துக் கொடுத்தது நாமேதான்.

இரண்டாம் வாரம், பிள்ளைகள் மாபிளைக் காம்பராவின் நடுவில் வைத்தால் அது தானாகவே குசினிப் பக்கம் உருண்டது. அயலிலுள்ள பிள்ளைகளெல்லாம் வேடிக்கை பார்க்க வந்தார்கள். தட்டிலிருந்த சட்டி விழுந்து உடைந்தபோது பழி பூனையின் மேல் விழுந்தது.

மூன்றாம் வாரம், வீட்டின் பின்னால் மண் வெட்டிய இடத்தில் புதிதாக ஓர் ஊற்று கிளம்பியது. இனிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு பீலிக்கு நடக்க வேண்டியதில்லை என்று மாமியார் விளக்கேற்றி வைத்தார். நாமும் சேர்ந்து மகிழ்ந்தோம்.

நான்காம் வாரம், ஊற்றுத் தண்ணீர் தேத்தண்ணி நிறமாக வந்தது. வேலிக் கட்டைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்தன. துணி காயப்போடும் கயிறு இறுகி அறுந்தது. கோவாப் பாத்தியில் பிறைபோல வளைந்த ஒரு வெடிப்பு. விரல் நுழையும் அகலம். அதைப் பார்த்துவிட்டு வந்த மனைவிதான் சொன்னார்: "சாமி, கதவு, ஊத்து, வேலி எல்லாம் ஒரே கதையத்தான் சொல்லுது."

அன்று மாலையே அவர்கள் வெளியேறினார்கள். இரண்டு இரவுகள் ஒன்றும் நடக்கவில்லை. அயலார் கேலி செய்தார்கள். பசு கத்துகிறது, திரும்பிப் போய்ப் படுக்கிறேன் என்று கணவன் புறப்பட்டார். மனைவி விடவில்லை, பகலில் போய்ப் பசுவை அவிழ்த்துக்கொண்டு வரச் செய்தார். மூன்றாம் இரவு குசினியும் பின்சுவரும் மண்ணுக்குள் போயின. ஒருவருக்கும் காயமில்லை. நாம் கொடுத்த சீவுளி இன்றும் அந்த மண்ணுக்குள்தான் கிடக்கிறது.

ஏன் இப்படி நடக்கிறது?

மழைநீர் மண்ணின் இடைவெளிகளில் இறங்கி நிரம்பும்போது மண் கனக்கிறது. அதே நேரத்தில் மண்ணுக்கு மண் பிடிப்பும் குறைகிறது. வீடு கட்டுவதற்காகச் சரிவின் அடியை வெட்டினால் தாங்கும் காலையே வெட்டியதாகிறது. கான்கள் அடைபட்டால் ஓடிப் போகவேண்டிய தண்ணீர் மலைக்குள் இறங்குகிறது. பெரிய சரிவுக்கு முன் மண் பல வேளைகளில் மெதுவாக நகரும். அந்த நகர்வைத்தான் கதவும் சுவரும் வேலியும் முதலில் காட்டுகின்றன. எனினும் அடையாளம் காட்டாமலே சரிந்த இடங்களும் உண்டு. ஆகவே மழையின் அளவையும் கவனிக்க வேண்டும்.

கதவு இறுகினால் மலை சரியும் என்று நாம் சொல்லவில்லை. ஈரத்தில் ஊதிய கதவு வெயில் வந்ததும் சரியாகிவிடும். கதவு இறுகுவதோடு சுவரிலோ தரையிலோ புதிய வெடிப்பு, மரமும் மின்கம்பமும் சாய்தல், புதிய ஊற்று, இருந்த ஊற்று கலங்குதல் அல்லது வற்றுதல் ஆகியவற்றில் ஏதேனும் சேர்ந்து வந்தால் வீட்டில் தங்கக் கூடாது. மழை கொட்டும்போது ஓடைத் தண்ணீர் திடீரெனக் குறைந்தால் மேலே மண் அடைத்திருக்கலாம். அப்போது ஓடைக்கரையை விட்டு உடனே விலகுங்கள்.

மழையை நாமே அளக்கலாம்

அடி தட்டையாகவும் பக்கங்கள் நேராகவும் உள்ள வெற்றுப் பால்மா டின் ஒன்று போதும். கூரைத் தண்ணீரும் மரத்துத் தண்ணீரும் விழாத திறந்த வெளியில் வையுங்கள். தினமும் காலையில் ஒரே நேரத்தில் அடிமட்டத்தால் தண்ணீரின் ஆழத்தை அளந்து, கொப்பியில் எழுதி, ஊற்றிவிடுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்குப் பயன்படுத்தும் அளவுகள் இவை:

24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர், அதாவது சுமார் 3 அங்குலம்: விழிப்பாக இருங்கள்.
100 மில்லிமீற்றர், சுமார் 4 அங்குலம்: வெளியேற ஆயத்தமாகுங்கள்.
150 மில்லிமீற்றர், சுமார் 6 அங்குலம், அல்லது ஒரு மணித்தியாலத்திலேயே 75 மில்லிமீற்றர்: வெளியேறுங்கள்.

வெடிப்பையும் அளக்கலாம். அதன் இரு பக்கமும் ஓர் ஆணி அடித்து, இடைவெளியைத் திகதியோடு குறித்து வாருங்கள். இடைவெளி கூடினால் கிராம உத்தியோகத்தருக்கு அறிவியுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117.

எச்சரிக்கை மட்டும் போதுமா?

2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தைக்கு அருகில் மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்தன. அந்த இடம் ஆபத்தானது என்று 2005லும் 2011லும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. ஆயினும் சொந்தக் காணி இல்லாத தொழிலாளிக்கு "வெளியேறு" என்று சொன்னால் எங்கே போவது? 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நாடெங்கும் அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்களைப் பறித்தபோது மலையகத்தின் சரிவுகளில் அதே கேள்வி மீண்டும் எழுந்தது. அடையாளம் கண்டு வெளியேறுவது நமது கடமை. வெளியேறியவனுக்குப் பாதுகாப்பான காணி கேட்பது நமது உரிமை.

ஆகவே உங்கள் கேள்விக்கு நமது பதில் இதுதான். உங்கள் சரிவை அதிகாரிகள் பரிசோதித்துப் பாதுகாப்பானது என்று சொல்லும்வரை அந்த வீட்டில் இரவு தங்காதீர்கள். கிழங்கு பறிக்கவேண்டுமானால் முதலில் கிராம உத்தியோகத்தரிடம் கேளுங்கள். அனுமதி கிடைத்தாலும் மழையில்லாத பகலில் மட்டும், தனியே போகாமல், ஒருவர் மேலே மலையைப் பார்த்துக்கொண்டிருக்க மற்றவர் பறிக்கட்டும். பிள்ளைகளைக் கொண்டுபோக வேண்டாம். போன கிழங்கை அடுத்த போகத்தில் எடுக்கலாம்.

குழுவாகக் கூடிக் கலந்துரையாட

1. வீட்டை விட்டு வருமுன் உங்கள் வீட்டில் நடந்த சின்னச் சின்னப் புதுமைகள் எவை? அப்போது யார்மேல் பழி போட்டீர்கள்?
2. வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் முதலில் கண்டு சொன்னதை நாம் கேட்டோமா?
3. வெளியேறி ஒன்றும் நடக்காமல் திரும்பும் குடும்பத்தைக் கேலி செய்யாமல் வரவேற்க நமது குழு என்ன செய்யலாம்?
4. காணி கேட்டு எழுதும் கடிதத்தில் எந்தெந்த விபரங்கள் இருக்கவேண்டும்? அடுத்த கூட்டத்துக்கு முன் ஒரு பிரதி எழுதிக்கொண்டு வாருங்கள்.