ஐந்தருவிப் பக்கம் துப்பாக்கி வாங்க நினைக்கும் தம்பிகளுக்கு

அப்பாவின் தோப்பையும் வயலையும் இப்போதுதான் கையில் எடுத்திருக்கும் பிள்ளைகள் வந்து கேட்கிறார்கள்: "பெரியப்பா, பன்னி தொல்லை தாங்கல. கையில கொஞ்சந்தான் பணம் இருக்கு. எந்தத் துப்பாக்கி வாங்கலாம்?" இலஞ்சி, வல்லம், செங்கோட்டை என்று மலையடிவாரம் முழுக்க இதே கேள்விதான். ஒரே இரவில் வாழைத்தோட்டத்தைப் பன்றி உழுதுபோட்டதைக் காலையில் பார்த்தவனின் வயிற்றெரிச்சல் எனக்குத் தெரியும். அதனால்தான் இதை விரிவாகச் சொல்கிறேன்.

1. துப்பாக்கி வைத்துக்கொள்ள ஒரு அனுமதி, விலங்கைச் சுட வேறொரு அனுமதி. இரண்டையும் ஒன்றென்று நினைத்துத்தான் பலர் கெட்டுப்போகிறார்கள். லைசென்ஸ் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி கிடைப்பது. விலங்கை எப்போது, யார் கொல்லலாம் என்பதை 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. பயிர்க்காவலுக்கென்றே லைசென்ஸ் வாங்கியிருந்தாலும், வனத்துறையின் எழுத்துப்பூர்வமான உத்தரவு இல்லாமல் பன்றியைச் சுட்டால் அது வேட்டைதான். உங்கள் உயிரையோ அடுத்தவர் உயிரையோ காக்க நல்லெண்ணத்தோடு சுட்டால் குற்றமில்லை என்று சட்டத்தின் 11-ஆம் பிரிவு சொல்கிறது. பயிரைக் காக்கச் சுட்டேன் என்றால் அந்தப் பிரிவு கைகொடுக்காது. அப்படி உயிர் காக்கச் சுட்ட விலங்கும் அரசின் சொத்து. கறிக்கு எடுக்கக் கூடாது. சரணாலயத்துக்குள் வேட்டையாடினால் குறைந்தது 3 ஆண்டு, கூடினால் 7 ஆண்டு சிறை. 2022 திருத்தத்துக்குப் பிறகு அபராதமே 25,000 ரூபாயில்தான் தொடங்குகிறது.

2. "புளியரை தாண்டி ஆரியங்காவுல சுடுறாங்களே" என்பீர்கள். அது கேரளம். அங்கே 2022-இல் பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுத்தார்கள். லைசென்ஸ் உள்ளவர்களைக் கொண்டு சுட வைக்கிறார்கள். அங்கேயும் விஷமும் வெடியும் மின்சாரமும் கூடாது என்றுதான் உத்தரவு. நம் அரசு 2025 ஜனவரியில் அறிவித்த முறை வேறு. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடவே கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர்வரை பன்றியைப் பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டரைத் தாண்டினால்தான் சுடலாம், அதையும் வனத்துறையே செய்யும். ஆகவே விலை விசாரிக்கும் முன் உங்கள் வயல் காட்டு எல்லையிலிருந்து எவ்வளவு தூரம் என்று ரேஞ்சர் ஆபீஸில் கேளுங்கள். ஐந்தருவியை ஒட்டித் தோப்பு வைத்திருப்பவர்களில் பலருக்கு அந்தப் பதிலோடு இந்தப் பேச்சு முடிந்துவிடும்.

3. கடையில் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். லைசென்ஸே கிடைக்காமல் போகலாம். நமக்கு மேலே இருக்கும் மலைக்காடு 2015-இல் நெல்லை வன உயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டர் சுற்றளவில், தலைமை வன உயிரினக் காப்பாளர் முன்கூட்டியே இசைவு தராமல் புது லைசென்ஸ் கொடுக்கக் கூடாது என்கிறது 34-ஆம் பிரிவு. பழைய லைசென்ஸ் வைத்திருப்பவரும் வனத்துறையிடம் பதிந்திருக்க வேண்டும். "நான் முடிச்சுத் தாறேன்" என்று வரும் தரகரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம்.

4. வீட்டில் தாத்தாவின் துப்பாக்கி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். லைசென்ஸ்காரர் இறந்தாலும், அவருக்கு 70 வயது ஆனாலும், அவர் அந்தத் துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலும், வாரிசு தன் பெயருக்கு லைசென்ஸ் கேட்டு விண்ணப்பிக்க 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளில் வழி இருக்கிறது. கிடைப்பது அதிகாரியின் முடிவு. ஆனால் லைசென்ஸ்காரர் இறந்த பிறகு துப்பாக்கியைப் பரணில் போட்டு வைப்பது குற்றம். உடனே காவல் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடையிலோ ஒப்படைத்துவிட்டுத்தான் மற்ற வேலை.

5. லைசென்ஸ் கிடைத்தாலும் ரைபிள் வேண்டாம். இதை நான் அழுத்திச் சொல்வேன். இஷாப்பூர் தொழிற்சாலையின் .315 ரைபிள் நல்ல சாமான்தான். ஆனால் ரைபிள் தோட்டா குறி தவறினால் கிலோமீட்டர் கணக்கில் போகும். சின்ன .22 தோட்டாவே ஒன்றரை மைல் போகும் என்று பெட்டியிலேயே எச்சரிக்கை இருக்கும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சீசனில் அருவிக்கு எத்தனை ஆயிரம் பேர் வருகிறார்கள்! இரவிலும் குளிக்கிறார்கள், சாலையோரம் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு வண்டியிலேயே தூங்குகிறார்கள். இருட்டில், சாரலில், உங்கள் தோப்புக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. வைத்தே ஆக வேண்டும் என்றால் 12 போர் ஒற்றைக்குழல் போதும். அதன் சின்ன ரவை 250 மீட்டருக்குள் விழுந்துவிடும். பெரிய எஸ்.ஜி. குண்டு 600 மீட்டர்வரை போகும் என்பதால் அதுவும் இங்கே ஆகாது. இரட்டைக்குழலைவிட ஒற்றைக்குழல் மலிவு, எடை குறைவு, பழுதாகும் பாகமும் குறைவு.

6. பழையது வாங்கினால் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். துப்பாக்கியை மடித்து, உள்ளே தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொண்டு, குழலை வானத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். உட்சுவர் கண்ணாடியாக மின்ன வேண்டும். கறுப்புப் புள்ளிகள் இருந்தால் துரு தின்ற குழி. ஆழமான குழி உள்ள குழலை யார் எவ்வளவு குறைத்துச் சொன்னாலும் விட்டுவிடுங்கள். வெளியே எங்காவது நெளிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். மூடிய பிறகு குழலைப் பிடித்து ஆட்டினால் மூட்டு அசையக் கூடாது. சுத்தியலைப் பாதி இழுத்து நிறுத்தி, விசையை அழுத்தினால் அது விழக் கூடாது. விழுந்தால் அந்தத் துப்பாக்கி சொந்தக்காரனையே கொல்லும். கட்டையில் கைப்பிடிப் பக்கம் விரிசல் இருக்கிறதா, ஆணியடித்து ஒட்டுப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். கடைசியாக, குழலில் வெட்டியிருக்கும் எண்ணும் விற்பவரின் லைசென்ஸில் இருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். பழக்கமுள்ளவர் என்பதற்காக இதைத் தள்ளிப்போடாதீர்கள். கைமாற்றம் முழுக்க ஆயுதக் கடை வழியாக, எழுத்தில் நடக்கட்டும்.

7. விலையோடு செலவு முடிவதில்லை. பூட்டுள்ள இரும்பு அலமாரி வேண்டும். லைசென்ஸை 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைத்துத் திரும்ப வாங்க வேண்டும். நம் ஊர் ஈரத்துக்கு வாரம் ஒருமுறை எண்ணெய்த் துணி போடாத குழல் ஒரே சீசனில் துரு ஏறிவிடும். தோட்டா வேறு, துப்பாக்கி வேறாகப் பூட்டுங்கள். சாவி பிள்ளைகள் கைக்கு எட்டக் கூடாது.

8. நாட்டுத்துப்பாக்கி, தீனிக்குள் வெடி வைக்கும் அவுட்டுக்காய், லைனிலிருந்து நேராக இழுத்த கரண்ட் கம்பி: இந்த மூன்றும் உங்கள் நிலத்தில் இருக்கவே கூடாது. பன்றிக்கு வைத்த அவுட்டுக்காயை யானை கடிக்கும், பசுவும் கடிக்கும். வாய் கிழிந்து, தின்ன முடியாமல், நாள்கணக்கில் பட்டினி கிடந்து சாகும். கம்பியில் அதிகாலை தண்ணீர் பாய்ச்சப் போகும் நம் ஆட்களும் சாவார்கள்.

9. ஏர்கன்னும் விளையாட்டுச் சாமான் இல்லை. 4.5 மில்லிமீட்டர் குழலும் 20 ஜூலுக்கு மேற்படாத விசையும் உள்ளதற்கு லைசென்ஸ் தேவையில்லை என்பது உண்மை. அதனால் அருவிக்கரையில் பச்சைப்புறாவை அடிக்கலாம் என்று அர்த்தமில்லை. அதுவும் வேட்டைதான், வழக்கும் அதேதான். குறி பார்க்கும் ஆசை நெஞ்சில் இருக்கிறதா? நல்ல ஆசைதான். ரைபிள் கிளப்பில் சேருங்கள், கல்லூரியில் என்.சி.சி.-யில் சேருங்கள். 10 மீட்டர் தூரத்தில் அரை மில்லிமீட்டர் புள்ளியைக் குறிவைத்துத்தான் அபினவ் பிந்த்ரா 2008-இல் பெய்ஜிங்கில் தங்கம் வாங்கினார். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் சுடுவதும் அதே போட்டியில்தான். முதல் ஆண்டு கிளப் துப்பாக்கியிலேயே பழகுங்கள். உங்கள் தோளுக்கும் கைநீளத்துக்கும் எது பொருந்தும் என்று தெரிந்த பிறகு வாங்கினால் பணம் வீணாகாது.

10. துப்பாக்கிக்கென்று ஒதுக்கிய பணத்தைச் சூரிய மின்வேலியில் போடுங்கள். வேளாண் பொறியியல் துறையில் மானியம் உண்டா என்று கேளுங்கள். காட்டை ஒட்டிய நிலத்தில் மின்வேலி போட வனத்துறையிடம் பதிய வேண்டும் என்று 2023-இல் விதி வந்திருக்கிறது. அதை முடித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பயிர் அழிந்தால் அன்றைக்கே கால்தடத்தோடு படம் எடுத்து, வி.ஏ.ஓ.விடமும் வனத்துறையிடமும் இழப்பீட்டுக்கு மனு கொடுங்கள். வேலியின் அடிக்கம்பி தரையிலிருந்து ஒரு சாணுக்கு மேல் போகக் கூடாது. பன்றி மூக்கை மண்ணோடு வைத்துத்தான் நுழையும். சாரல் மாதங்களில் புல் வாரத்துக்குள் வளர்ந்து கம்பியைத் தொட்டு மின்சாரத்தைத் தரைக்கு இழுத்துவிடும். வேலிக்கு இருபுறமும் இரண்டடி அகலத்துக்கு வாராவாரம் செதுக்குங்கள். பேட்டரியைத் தரையில் வைக்காமல் மேடையில், கூரைக்குக் கீழே வையுங்கள்.