நிலாவைப் பார்த்து மணி சொன்ன மாலுமிகள்



இந்த வார எபிசோடில் ஜிபிஎஸ் பத்திப் பேசும்போது, "எல்லாமே கடைசியில் நேரக் கணக்குதான்" என்று ஒரே வரியில் தாண்டிப் போயிட்டோம். அதை இங்கே கொஞ்சம் பிரிச்சுப் பார்ப்போம். சாட்டிலைட் வேண்டாம், சரியாக ஓடும் கடிகாரம்கூட வேண்டாம். நிலா போதும்.

பூமி மணிக்கு 15 டிகிரி சுற்றுகிறது. நீங்க இருக்கிற இடத்தின் நேரத்தைச் சூரியனின் உயரத்தை அளந்தே சொல்லிவிடலாம். அதே நொடியில் கிரீன்விச்சில் மணி என்ன என்றும் தெரிந்தால், வித்தியாசத்தை 15-ஆல் பெருக்கினால் தீர்க்கரேகை ரெடி. ஆனால் 18-ஆம் நூற்றாண்டில், ஆடுற கப்பலில், கிரீன்விச் நேரத்துக்கு எங்க போறது? இருக்கும் இடம் தெரியாமல் கப்பல்கள் பாறையில் மோதின. 1714-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம், அரை டிகிரிக்குள் தீர்க்கரேகை சொல்லும் வழிக்கு 20,000 பவுண்டு பரிசு அறிவித்தது.

இப்போ நிலா. "உன் நட்சத்திரம் என்ன?" என்று வீட்டில் கேட்டிருப்பாங்க இல்ல? மகம், சித்திரை, கேட்டை எல்லாம் நீங்க பிறந்தப்போ நிலா வானத்தில் எந்தப் பகுதியில் இருந்தது என்பதுதான். நிலா ஒரு நாளைக்குச் சுமார் 13 டிகிரி நகரும்; மணிக்கு அரை டிகிரி, அதாவது தன் அகலம் அளவு. வானம் டயல், நட்சத்திரங்கள் எண்கள், நிலா முள்!

அந்த முள்ளைப் படிக்க அட்டவணை வேண்டும். டோபியாஸ் மேயர் என்ற ஜெர்மானியரின் நிலாக் கணக்கை வைத்து, அரச வானியலாளர் நெவில் மாஸ்கலின் 1767-ஆம் ஆண்டுக்கான நாட்டிக்கல் அல்மனாக்கைக் கொண்டுவந்தார். நிலாவுக்கும் சூரியனுக்கும், நிலாவுக்கும் ரெகுலஸ் (நம்ம மகம்), ஸ்பைக்கா (சித்திரை) மாதிரி நட்சத்திரங்களுக்கும் இடையே உள்ள கோணம், கிரீன்விச் நேரப்படி மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அதில் இருக்கும்.

ஒரு உதாரணம், எண்கள் சும்மா எடுத்தது. அட்டவணையில் இரவு 9 மணிக்கு 40 டிகிரி, 12 மணிக்கு 41.5. உங்க செக்ஸ்டண்ட் அளவு 40.75. சரிபாதி, அப்போ கிரீன்விச்சில் 10:30. உங்க இடத்தில் 7:30 என்றால் மூன்று மணி நேரம் பின்னால், அதாவது மேற்கே 45 டிகிரி.

இவ்வளவு சுலபமா? இல்லை. அட்டவணை பூமியின் மையத்திலிருந்து பார்ப்பதாகப் போட்டது. நீங்களோ மேற்பரப்பில் நிற்கிறீங்க. நிலா பக்கத்தில் இருப்பதால், இந்த இடமாற்றத்தில் அது ஒரு டிகிரி வரை தள்ளித் தெரியும். இரண்டு மணி நேர நகர்வு அது! காற்று மண்டலம் ஒளியை வளைப்பது தனி. இரண்டையும் கழிக்க, நிலாவின் உயரத்தையும் நட்சத்திரத்தின் உயரத்தையும் சேர்த்தே அளக்கணும். ஆரம்பத்தில் இந்தக் கணக்குக்கு நான்கு மணி நேரம் ஆனது. அல்மனாக் வந்தபின் அரை மணி. அளவில் டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு பிசகினால்கூட, பூமத்திய ரேகையில் சுமார் 55 கிலோமீட்டர் தள்ளிப் போயிடுவீங்க. இருந்தும், 1768-இல் கிளம்பிய ஜேம்ஸ் குக் குரோனோமீட்டர் இல்லாமல் இதே முறையில்தான் நியூசிலாந்துக் கடற்கரையை வரைந்தார்.

எனக்கு ரொம்பப் பிடித்தது அட்டவணையைத் தயாரித்த விதம். 'கம்ப்யூட்டர்' என்றால் அப்போ ஆட்கள், வீட்டிலிருந்தே வேலை. ஒரே மாதத்தை இரண்டு பேர் தனித்தனியாகக் கணக்கிட, மூன்றாவது ஆள் ஒப்பிடுவார். 1770-இல் இருவர் ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் காப்பி அடித்து மாட்டினார்கள், வேலை போச்சு. கோட் ரிவ்யூவில் வெறும் 'ஓகே' போடுறவங்க கவனிக்கவும். லட்லோ ஊரின் மேரி எட்வர்ட்ஸ் கணவர் பெயரில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். 1784-இல் அவர் இறந்தபின், தன் பெயரிலேயே வேலை கேட்டு வாங்கினார்.

இன்னைக்கு ராத்திரி நிலாவுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் தெரிந்தால், கையை நீட்டி சுண்டு விரலால் இடைவெளியை அளங்க. சுண்டு விரலின் அகலம் சுமார் ஒரு டிகிரி. இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி அளங்க. ஏறக்குறைய ஒரு விரல் மாறியிருக்கும்.